தாழ்மையாகவும் ஒருமனப்பட்டும் ஜெபிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, மட்டக்குளிப் பக்கங்களில் நடக்கும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும், ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று கதைக்கும் வேளைகளிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்பவர்களில் மெதடிஸ்தர், அங்கிலிக்கர், கத்தோலிக்கர், சுயாதீன சபைகளைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஆகையால் சபைகளுக்கிடையே வேறுபடும் காரியங்களில் தீர்ப்புச் சொல்லாமல், எல்லோருக்கும் பொதுவான வேதத்தை வைத்தே பேசுகிறேன். வசனங்கள் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், உள்ளபடி தரப்பட்டுள்ளன.

தாழ்மையான ஜெபம் என்றால், "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று நம்மையே இழிவாகச் சொல்லிக்கொள்வதா?

இல்லை. தன்னை ஓயாமல் இகழ்ந்து பேசுகிறவரும் தன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். கேட்பவன் நான், கொடுப்பவர் அவர் என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு, கண்ணை அவர்மேல் வைத்து நிற்பதே ஜெபத்தில் தாழ்மை. மற்றப் பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

லூக்கா 18 ஆம் அதிகாரத்தில், ஜெபம்பண்ணத் தேவாலயத்துக்குப் போன இரண்டு பேரைப் பற்றி இயேசு சொல்கிறார். ஒருவன் பரிசேயன், அதாவது வேதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவன். மற்றவன் ஆயக்காரன், அதாவது அந்நிய ஆட்சிக்கு வரி வசூலித்துக் கொடுத்துச் சொந்தச் சனத்தின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டவன். பரிசேயன் சொன்னது பொய் என்று இயேசு சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் அவன் உபவாசித்தான், சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் செலுத்தினான். நம்மில் பலர் செய்யாததை அவன் செய்தான். ஜெபத்தை ஸ்தோத்திரத்தோடுதான் தொடங்கினான். அப்படியிருந்தும் அந்த ஜெபம் ஏன் ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று பார்த்தால், அதில் ஒரு விண்ணப்பமும் இல்லை. தேவனிடத்தில் பெற்றுக்கொள்ள வேண்டியது என்று அவனுக்கு ஒன்றும் இருக்கவில்லை. போதாததற்கு, ஜெபத்தின் நடுவிலே அவன் கண் திரும்பி, தூரத்தில் நின்றவன்மேல் விழுகிறது. "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறான். தேவனைத் தேடி வந்தவன், பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்து அளவெடுத்துக்கொண்டு நின்றான்.

ஆயக்காரனோ வானத்துக்குக் கண்களை ஏறெடுக்கவும் துணியாமல், மார்பிலே அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றான். அவ்வளவுதான். தன் பாவங்களை ஒவ்வொன்றாக அவன் விரித்துரைக்கவில்லை. பரிசேயன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதும் அவனுக்குப் பொருட்டாக இருக்கவில்லை. அவனுக்குத் தேவை ஒன்று. அதைத் தரக்கூடியவர் ஒருவர். "அவனல்ல, இவனே நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான்" என்று இயேசு சொல்கிறார்.

தாழ்மை ஒன்று, மன ஒருமை இன்னொன்று என்று நாம் பிரித்துப் பேசினாலும், அந்த மனிதனிடத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. தன் தேவையை உள்ளபடி உணர்ந்தவனுடைய கண் அலைபாய்வதில்லை. நம்முடைய ஜெபம் சிதறிப்போவதற்கும், மனத்திடம் போதாமையைவிட, நமக்கு எது தேவை என்று நமக்கே தெளிவில்லாமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம் என்பது என் எண்ணம்.

ஜெபிக்க உட்கார்ந்தவுடன் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. இது பாவமா? என்ன செய்வது?

மனம் ஓடுவது பாவம் அல்ல. ஓடுகிறது என்று தெரிந்த பின்பும் அதன் பின்னாலேயே நாமும் போய்க்கொண்டிருப்பதுதான் தவறு.

ஜெப வாழ்க்கையின் ஆசிரியை என்று மதிக்கப்படும் அவிலா நகர்ப் புனித தெரேசா (1515–1582), ஜெபத்துக்கென்று ஒதுக்கிய மணித்தியாலம் எப்போது முடியும் என்று கடிகார ஓசைக்குக் காது கொடுத்துக்கொண்டு பல தடவை இருந்ததாகவும், அந்த நிலை சில ஆண்டுகள் நீடித்ததாகவும் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதே பகுதியில்தான், ஜெபம் என்பது நம்மை நேசிக்கிறார் என்று நாம் அறிந்திருக்கும் ஒருவரோடு அடிக்கடி தனித்திருந்து பேசும் நட்பு என்றும் சொல்கிறார். இரண்டையும் சொன்னவர் ஒருவரே என்பது, மனம் ஓடுவதைக் கண்டு மிரண்டு ஜெபத்தையே விட்டுவிடுகிறவர்கள் அறிய வேண்டிய செய்தி.

மார்ட்டின் லூத்தருக்கு விற்றன்பேர்க் நகரில் முடிதிருத்திவந்த பேத்தர் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டார். பதிலாக 1535 இல் லூத்தர் ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். நல்ல முடிதிருத்துநர் தன் நினைவையும் கண்ணையும் சவரக்கத்தியின்மேல் வைத்திருப்பார். ஊர்க்கதை கதைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தால் வந்தவருடைய மூக்கையோ தொண்டையையோ வெட்டிவிடுவார். ஒரு சாதாரண வேலைக்கே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால் ஜெபத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அதில் கேட்கிறார். அவர் காட்டும் வழியும் ஒரு தொழிலாளி கைக்கொள்ளக்கூடியதே. பத்துக் கற்பனைகளில் ஒன்றை எடுத்து, இது எனக்கு எதைப் போதிக்கிறது, எதற்காக நான் நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்கிறார். பற்றிக்கொள்ள ஒரு வசனம் இருந்தால் மனம் ஓடினாலும் திரும்பி வந்து சேர ஓரிடம் இருக்கும்.

இதோடு நான் சொல்லக்கூடியது ஒன்று. மனம் எங்கே ஓடியது என்று பாருங்கள். மீன் வாங்க மறந்தது நினைவுக்கு வந்தால், பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் ஓடிய இடம் ஒவ்வொரு நாளும் அதே வாடகைப் பாக்கியாகவோ, அதே மகனின் முகமாகவோ, அலுவலகத்தில் பட்ட அதே அவமானமாகவோ இருந்தால், அதுவே உங்கள் உண்மையான விண்ணப்பம். நீங்கள் சொல்லத் தொடங்கிய அழகான வாக்கியங்களை அப்படியே விட்டுவிட்டு, அதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அதன் பிறகு மனம் ஓடுவதில்லை என்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

கைத்தொலைபேசியைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும்?

வேதம் மணிக்கணக்கு எதையும் விதிக்கவில்லை. ரோம் நகரம் 410 இல் சூறையாடப்பட்ட பின்பு ஆபிரிக்காவுக்கு வந்து சேர்ந்த புரோபா என்ற விதவைக்கு, ஜெபத்தைக் குறித்து அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று இருக்கிறது. எகிப்து நாட்டுத் துறவிகள் அடிக்கடி, ஆனால் மிகச் சுருக்கமாக ஜெபிப்பதை அதில் எடுத்துக்காட்டி, கவனம் மழுங்குமுன் முடித்துவிடுவதே அதன் காரணம் என்கிறார். கவனம் நிலைத்திருக்குமானால் இடையில் முறிக்க வேண்டாம் என்றும், அதிகமாகப் பேசுவது வேறு, அன்பில் நீடித்திருப்பது வேறு என்றும் சொல்கிறார். இன்றைக்கும் இது நல்ல அளவுகோல்தான். விழித்திருக்கும் பத்து நிமிடம், தூங்கி விழும் ஒரு மணித்தியாலத்தைவிட மேல். ஆனால் அந்தப் பத்து நிமிடம் நாள்தோறும் வர வேண்டும்.

எங்கள் வீடு இரண்டு அறை உள்ள தொடர்மாடி வீடு. ஆறு பேர் இருக்கிறோம். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்ற கட்டளையை நாங்கள் எப்படிக் கைக்கொள்வது?

அந்த வார்த்தையை இயேசு எதற்கு எதிராகச் சொன்னார் என்று மத்தேயு 6 ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. வீதிகளின் சந்திகளில் "மனுஷர் காணும்படியாக" நின்று ஜெபிக்க விரும்புகிறவர்களைக் குறித்தே அவர் பேசுகிறார். பூட்ட வேண்டியது, பிறர் நம்மைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை. கதவுள்ள அறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கட்டளை மீறப்படவில்லை. கப்பர்நகூமில் சீமோன் வீட்டு வாசலில் ஊரே கூடிவந்த இரவுக்குப் பிறகு, இயேசுவே "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்" என்று மாற்கு எழுதுகிறார். அவருக்கும் தனியறை இருக்கவில்லை. அவர் நேரத்தைக் கொண்டு தனிமையை உண்டாக்கிக்கொண்டார்.

கொழும்பிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு தாயார், விடியுமுன் குசினிக்குள் வந்து, விளக்கைப் போடாமல், அடுப்புத் திட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்று, வீட்டில் தூங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஜெபிப்பதை நான் அறிவேன். வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகனின் பெயரில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். அதன் பின்புதான் தேங்காய் துருவும் சத்தம் கேட்கும். மொரட்டுவையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் 101 பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தால், கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் செவ்வாய்க்கிழமைகளில் போய்ப் பார்த்தால், அவ்வளவு சனத்துக்கு நடுவிலும் யாருமே இல்லாததுபோல நின்று உதடு அசைக்கிறவர்களைக் காணலாம். சீலோவில் அன்னாள் அப்படித்தான் ஜெபித்தாள். உதடு மாத்திரம் அசைந்ததால் ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று எண்ணினான். "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்று அவள் பதில் சொன்னாள்.

நம் நாட்டின் விசுவாச வரலாறும் இதையே சொல்கிறது. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் புனிதராக அறிவிக்கப்பட்ட யோசப் வாஸ் அடிகளார் 1687 இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தபோது, கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்தார்கள். ஆலயமும் குருவும் இல்லாத அந்த ஆண்டுகளில் விசுவாசத்தைக் காத்தது, வீடுகளுக்குள் இரகசியமாகச் சொல்லப்பட்ட ஜெபங்களே.

முழங்காற்படியிட்டுத்தான் ஜெபிக்க வேண்டுமா? எனக்கு மூட்டு வலி.

வேண்டாம். கதிரையில் இருந்தே ஜெபியுங்கள்.

எழுதப்பட்ட ஜெபங்களைச் சொல்வது நல்லதா, சொந்த வார்த்தையில் ஜெபிப்பதா?

இரண்டும் நல்லது. "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்ற வசனத்தைக் காட்டி, செபமாலை சொல்கிறவர்களையும் ஜெபப் புத்தகத்தைப் பயன்படுத்துகிறவர்களையும் குறைகூறுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே அதிகாரத்தில், இரண்டே வசனம் கழித்து, இயேசு தம்முடைய சீஷருக்குச் சொல்லவேண்டிய வார்த்தைகளையே கற்றுக்கொடுக்கிறார். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் அவர் மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். சொன்னதையே திரும்பச் சொல்வது வீண்வார்த்தை அல்ல. அதிக வசனிப்பினால்தான் தேவன் கேட்பார் என்று நினைப்பது வீண்.

அதேபோல, சொந்த வார்த்தையில் ஜெபிப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருப்பதும் பல வேளைகளில் மனப்பாடமே. ஒரே தொடக்கம், ஒரே முடிவு, நடுவில் பத்து "ஆண்டவரே". சோர்வான நாட்களில் எழுதப்பட்ட ஜெபம் நம்மைத் தூக்கி நடத்தும். நெஞ்சு நிறைந்த நாட்களில் சொந்த வார்த்தை வரும். பாலைவனத் துறவிகளிடம் கற்றதாகக் கசியன் என்பவர் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிவைத்த வழக்கமும் உண்டு. "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்" என்ற 70 ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை நாள் முழுவதும், வேலையிலும் நடையிலும், சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இது யாருக்கும் முடியும்.

வீட்டுக் கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மற்ற அண்ணன்மார், அக்காமார் எவ்வளவு அழகாக ஜெபிக்கிறார்கள்!

அழகாக ஜெபிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடனே நம் காது கூடியிருப்பவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. இரண்டு வாக்கியம் போதும். "ஆண்டவரே, இந்த வீட்டுக்காக நன்றி. சுகமில்லாத அன்ரிக்கு இரங்கும்." ஆமென் சொல்ல அங்கே எல்லோரும் இருக்கிறார்கள்.

நன்றாக ஜெபிக்கத் தெரிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெபத்துக்குள் பிரசங்கம் செய்யாதீர்கள். "ஆண்டவரே, சிலர் நேரத்துக்கு வருகிறார்களில்லை" என்பது ஆண்டவருக்குச் சொல்லப்படும் செய்தி அல்ல என்பது கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

விசா, பரீட்சை, வீட்டு வாடகை என்று சொந்தக் காரியங்களுக்காகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது சுயநலம் அல்லவா?

கேட்காமல் இருப்பதில்தான் ஆபத்து அதிகம் என்பதைப் பரிசேயனிடத்தில் கண்டோம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஆண்டவரே. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற 2022 ஆம் ஆண்டில், இந்த விண்ணப்பத்தை எழுத்துக்கு எழுத்து அதே பொருளில் சொன்னவர்கள் கொழும்பில் ஏராளம். அதற்கு முன்பு அந்த வரியை வேகமாகக் கடந்துபோனவர்களும் அப்போது அதில் நின்றார்கள்.

ஆனால் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். அந்த ஜெபம் முழுவதும் "எங்களுக்கு" என்றே சொல்லப்பட்டிருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதும் மகளுக்காக ஜெபிக்கும்போது அவளோடு அதே மண்டபத்தில் எழுதும் பிள்ளைகளையும், விசாவுக்காக ஜெபிக்கும்போது அதே வரிசையில் நிற்கும் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றது, காரியத்தை மாத்திரம் சொல்லாமல் உள்ளதையும் சொல்லுங்கள். "விசா கிடைக்க வேண்டும்" என்பதற்குள்ளே, "இங்கே இருந்தால் என்ன ஆகுமோ என்று பயமாயிருக்கிறது" என்றோ, "அம்மாவைத் தனியே விட்டுப் போகிறேனே" என்றோ ஒரு சொல் மறைந்திருக்கும். பிலிப்பியர் 4:6 "எல்லாவற்றையுங்குறித்து" விண்ணப்பங்களைத் தெரியப்படுத்தச் சொல்கிறது. அந்தப் பயமும் அதில் அடங்கும்.

"விசுவாசத்தோடு கட்டளையிடு, கிடைத்தே தீரும்" என்று ஒரு போதகர் சொல்கிறார். "உம்முடைய சித்தம்" என்று சேர்ப்பது அவிசுவாசம் என்கிறார். எது சரி?

ஆண்டவராகிய இயேசுவே அப்படிச் சேர்த்திருக்க, அதை அவிசுவாசம் என்று நாம் சொல்ல முடியாது. கெத்செமனேயில் அவர் தமக்கு வேண்டியதை மழுப்பாமல் கேட்டார்: "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்." பின்பு, "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். முதற்பாதியைச் சொல்லத் துணியாமல் இரண்டாம் பாதியை மட்டும் சொல்வது பல வேளைகளில் கேட்டு ஏமாந்துவிடுவோமோ என்ற பயம்தான். இரண்டாம் பாதியைச் சொல்ல மறுப்பதோ தேவனுக்கு வேலை கொடுப்பது. முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும்.

இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குணமாகாத நோயாளியிடம் "உங்கள் விசுவாசம் போதாது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அவரிடம் எஞ்சியிருந்த ஒரே ஆறுதலையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டான். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்; பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

வைத்தியசாலையில் நோயாளியின் பக்கத்தில் எப்படி ஜெபிப்பது?

முதலில், என்ன ஜெபிக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் படுத்திருந்த ஒருவரிடம் அப்படிக் கேட்டபோது, சுகம் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இரவில் வலி தொடங்கும்போது கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வதாகவும், அந்த வேளையில் தன் மனைவி எழும்பிவிடாமல் தூங்க வேண்டும் என்றும் சொன்னார். கேட்டிருக்காவிட்டால் அதை யாரும் ஜெபித்திருக்க மாட்டார்கள். குரலைத் தாழ்த்தி, சுருக்கமாக ஜெபியுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவர் பௌத்தராகவோ இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருக்கலாம். அவருக்கும் நோவு இருக்கிறது. ஆண்டவர் கொடுக்காத வாக்குறுதியை அவர் பெயரில் கொடுக்காதீர்கள்.

2019 இல் ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு என்னால் முன்புபோல ஜெபிக்க முடியவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், கொழும்பின் விடுதிகளிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். இது ஏன் அனுமதிக்கப்பட்டது என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கத்தோடு வருகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. வேதத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். பிறகு தேவனுக்காக வாதாடத் தொடங்கினார்கள். புத்தகத்தின் முடிவில், அவர்கள் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவனே கோபிக்கிறார். தாழ்மையில் இதுவும் அடங்கும். தேவன் சொல்லாத காரணத்தை நாம் சொல்லாதிருக்க வேண்டும்.

"முன்புபோல" ஜெபிக்கத்தான் வேண்டும் என்று இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13 ஆம் சங்கீதமும் ஜெபம்தான். 88 ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் வெளிச்சத்துக்கு வருவதில்லை. சிநேகிதனும் தோழனும் தூரமாகிப்போக, அறிமுகமானவர்கள் மறைந்துபோக, அங்கேயே நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட ஒன்றைத் திருத்தாமல், ஆறுதலான முடிவு ஒன்றை ஒட்டவைக்காமல், வேதம் அப்படியே வைத்திருக்கிறது. அதை மெதுவாக வாசித்துவிட்டு எழும்பிவிடுங்கள். அதுவும் முடியாத நாட்களைக் குறித்து ரோமர் 8:26 சொல்கிறது: நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாமலிருக்கும்போது, "ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்." நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கும் வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் ஜெபமும் உங்களுக்குரியதே.

1983 ஜூலையில் எங்கள் வீட்டை எரித்தவர்களுக்காக நான் ஜெபிக்க வேண்டுமா?

"உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காகவும் ஜெபம் பண்ணுங்கள்" என்ற கட்டளையை என்னால் குறைக்க முடியாது. ஆனால் அதை எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல முடியும். "எனக்கு இது முடியவில்லை, முடிய வேண்டும் என்றுகூட எனக்கு ஆசை இல்லை" என்று உள்ளபடி சொல்வதே தொடக்கம். பெருமை உள்ளவருக்கு அது வராது. மன்னிக்க ஜெபிப்பதும் நியாயம் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். பரிசேயனும் ஆயக்காரனும் வரும் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், "எனக்கும் என் எதிராளிக்கும் இருக்கிற காரியத்தில் எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்" என்று நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டும் விதவை இருக்கிறாள். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு இயேசு காட்டிய முன்மாதிரி அவள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்கு எத்தனையோ ஜெபக் குறிப்புகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் "ஜெபிக்கிறேன்" என்று போட்டுவிட்டு மறந்துவிடுகிறேன்.

போடுமுன் ஜெபியுங்கள். ஒரு மூச்சளவு போதும்: பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இரங்கும்." பின்பு எழுதுங்கள். எல்லாவற்றையும் சுமக்க உங்களால் முடியாது. அவற்றில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொண்டு, ஒரு கிழமைக்கு அவர்களுக்காக மட்டும் ஜெபித்து, பிறகு அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மற்றவர்களை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். இன்னொருவருடைய குடும்பக் காரியத்தை அவருடைய அனுமதியில்லாமல் ஜெபக் குறிப்பாகப் பகிர்வது வம்பு. தலைப்பில் ஜெபம் என்று இருப்பதால் அது மாறிவிடாது.

பிள்ளைகளுக்கு ஜெபிக்க எப்படிப் பழக்குவது?

அவர்கள் கேட்க, அவர்களைப் பற்றி ஆண்டவரிடம் முறையிடாதீர்கள். "ஆண்டவரே, இவன் படிக்கிறானில்லை, இவனுக்குப் புத்தியைக் கொடும்" என்று குடும்ப ஜெபத்தில் தாயோ தகப்பனோ சொல்லும்போது, பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளை கற்றுக்கொள்வது ஜெபத்தை அல்ல. அதைவிட, "இன்றைக்கு நான் கோபத்தில் கத்திவிட்டேன், எனக்கு மன்னியும்" என்று அப்பா சொல்வதை ஒரு தரம் கேட்டால், தாழ்மையைப் பற்றி வேறு பாடம் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படாது.

குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாக வையுங்கள். பிள்ளை தன் சொந்த வாக்கியத்தைச் சொல்லட்டும். அது பூனைக்குட்டியைப் பற்றியதாக இருந்தாலும் திருத்த வேண்டாம். கர்த்தருடைய ஜெபத்தை ஒரே மூச்சில் ஒப்புவிக்கப் பழக்குவதைவிட, ஒரு கிழமைக்கு ஒரு விண்ணப்பமாக எடுத்து, அந்த ஒன்றை மாத்திரம் படுக்கப்போகும்போது சேர்ந்து சொல்லுங்கள். மன்னிப்பைக் கேட்கும் விண்ணப்பத்துக்கு வரும்போது இரண்டு கிழமை எடுத்தாலும் பரவாயில்லை.